சான்பிரான்சிஸ்கோ – சென்னை: முப்பத்தாறு நிமிடம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். தரையில் காத்திருப்பவர்களுக்கு அது முப்பத்தாறு நிமிடம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதினைந்து மணி முப்பத்தாறு நிமிடம். டிக்கெட்டில் முதல் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் அச்சடிப்பார்கள்.

நான் அந்தத் தடத்தின் தரை மருத்துவர். சென்னை நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு திரை, பக்கத்தில் செய்தி அனுப்பும் அலுவலர் செண்பகவல்லி. பெரும்பாலான நாட்களில் வேலை இருக்காது. ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். செண்பகவல்லி மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை நிமிர்வேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அதைப் பல பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. என் தங்கை பூங்கோதை, "பேரு மட்டும் நாவுக்கரசு. ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சிடும்" என்பாள்.

அவளுக்கு உண்மையிலேயே நரைத்துவிட்டது. எட்டு ஆண்டுகளாக அதே தடத்தில் தலைமைப் பணிப்பெண். வாரத்துக்கு நான்கு முறை, விமானத்தைச் சுற்றிக் காலத்தை வேகமாக ஓட்டும் குமிழிக்குள் போய் வருகிறாள். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு அரை மணி கழியும்போது அவளுக்கு ஒரு முழுப் பகல் கழிந்துவிடுகிறது. என்னைவிட மூன்று வயது சிறியவளாக வேலைக்குச் சேர்ந்தவள், இந்த ஆடி மாதத்தோடு என் வயதை எட்டிவிட்டாள். அடுத்த ஆண்டு என்னை முந்திவிடுவாள். போன வாரம் லிஃப்டில் ஒருவர் என்னிடம், "உங்க அக்காவா சார்?" என்று கேட்டார். பூங்கோதை சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

அன்று காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அவளுடைய விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிக் குமிழிக்குள் நுழைந்தது. பத்து ஒன்பதுக்குத் திரையில் முதல் செய்தி வந்தது.

"பெண், 27. ஒன்பதாம் மாதம். வலி."

குமிழியைத் தாண்டி ஒரு நேரத்தில் நாற்பது எழுத்துக்குமேல் போகாது. குரலை அனுப்பினால் எங்கள் பக்கம் கொசு ரீங்காரமாகவும் அவர்கள் பக்கம் இடி உருட்டுவதாகவும்தான் கேட்கும். அதனால் எழுத்து மட்டும்தான்.

"ஒன்பதாம் மாசமா? எப்படி ஏத்துனாங்க?" என்றேன்.

"டிக்கெட்ல முப்பத்தாறு நிமிஷம்னு இருக்கு டாக்டர்" என்றார் செண்பகவல்லி. அவர் கண் திரையைவிட்டு நகரவில்லை. "நாலு மணி நேரத்துக்குள்ள பயணம்னா முப்பத்தாறு வாரம் வரைக்கும் ஏத்தலாம்னு விதி. புக்கிங் மெஷின் விதியைப் பாத்துச்சு, ஏத்திடுச்சு. என்ன பதில் போடட்டும்? சீக்கிரம்."

"வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை? இடது பக்கமா படுக்க வை."

அவர் விரல்கள் பாய்ந்தன. அனுப்பிய அடுத்த நொடியே பதில் வந்து விழுந்தது. எங்களுக்கு ஒரு நொடி என்றால் அவர்களுக்கு இருபத்தாறு நொடி. எங்கள் பக்கமிருந்து பார்த்தால் அவர்கள் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் நாங்கள் தூங்கி வழிகிறவர்கள்.

"எட்டு நிமிஷம். டாக்டர் யாருமில்ல."

பிறகு, "ஒரு பல் டாக்டர் இருக்கார்."

பிறகு, "அவர் அழறார்."

செண்பகவல்லி ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே மறு கையால் பயணியின் விவரத்தைத் திறந்தார். பெயர் யாழ்மொழி. தலைப்பிரசவம். அழைத்துப்போக வந்திருப்பவர்: தாய் அங்கயற்கண்ணி, மதுரை. எண் இருந்தது. கூப்பிட்டோம். வருகைக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். காவலர் அவரை மேலே அழைத்துவந்தபோது மணி பத்து பதின்மூன்று. அதாவது முதல் செய்திக்குப் பிறகு உள்ளே கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மணி நேரம் போயிருந்தது. வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாகியிருந்தது.

அந்த அம்மாள் மல்லிகைப்பூவும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குமாக உள்ளே வந்தார்.

"என்ன சார், எம்மகளுக்கு என்னாச்சு?"

"பிரசவ வலி எடுத்திருக்கும்மா. கடைசி ஸ்கேன்ல குழந்தை எப்படி இருந்துச்சுன்னு சொன்னாங்களா?"

"வலியா? ஆத்தாடி!" என்றவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தார். "இன்னும் இருவத்தஞ்சு நிமிசந்தானே சார் இருக்கு? கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. இங்கன வந்து பெத்துக்கிரட்டும். ஆசுபத்திரியில ரூமெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"உங்களுக்குத்தாம்மா இருவத்தஞ்சு நிமிஷம். அவங்களுக்கு இன்னும் பத்து மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"அதெப்படிங்க? ஒரே வண்டி, ஒரே தூரம்!"

"தூரம் ஒண்ணுதான். விமானமும் பழைய வேகத்துலதான் போகுது. அதைச் சுத்திக் காலத்தை வேகமா ஓட விடறோம். உள்ள இருக்கறவங்க மூணு வேளை சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு வர்றாங்க. நமக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்லை."

"அப்ப நடுவுல எங்கயாச்சும் எறக்குங்க!"

"முடியாதும்மா. குமிழியை நடுவுல உடைச்சா விமானம் சிதறிடும்."

அவர் தூக்கைத் தரையில் வைத்தார். "மாப்பிள்ளை வேணாம்னுதான் சொன்னாரு. தலப்பிரசவம் தாய்வீட்டுலதான் பாக்கணும்னு நாந்தான் புடிவாதம் புடிச்சேன். முப்பத்தாறு நிமிசந்தானே மாப்ள, இந்தா இருக்குற திருமங்கலம் போற நேரம், அப்படீன்னேன்."

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தத் தடம் வந்த பிறகு தொலைவு என்ற சாக்கு யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. காதுகுத்துக்கு வா, கிரகப்பிரவேசத்துக்கு வா, பதினாறாம் நாளுக்கு வா, வந்து தலையைக் காட்டிவிட்டு மாலையே போ. கூப்பிடுகிறவர்களுக்கு அரை மணி. வருகிறவர்களுக்கு ஆயுளில் ஒன்றேகால் நாள். வராதவர்களுக்குக் கெட்ட பெயர். கூப்பிட்டவர்களில் ஒருவரும் அந்த ஒன்றேகால் நாளை நினைத்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ஸ்கேன், அம்மா. குழந்தை எப்படி இருந்துச்சு?"

"தல மேல இருக்குன்னாங்களாம். பிரசவத்துக்குள்ள திரும்பிரும்னு டாக்டரம்மா சொன்னாகளாம்."

செண்பகவல்லி என்னைப் பார்த்தார். தலை மேலே என்றால் முதலில் புட்டம் வரும். உடம்பெல்லாம் வெளியே வந்த பிறகும் தலை உள்ளே மாட்டிக்கொள்ளலாம். மருத்துவமனையில் நான்கு பேர் சுற்றி நின்று கவனிக்க வேண்டிய பிரசவம் அது. அங்கே இருந்தவள் முதலுதவிப் பயிற்சி மட்டும் பெற்ற என் தங்கை.

"குழந்தை தலைகீழ் இல்லை. புட்டம் முதலில்" என்று அனுப்பச் சொன்னேன்.

ஒரு நொடி.

"பயமா இருக்கு அண்ணா."

அலுவல் செய்தியில் அண்ணா என்று எழுதக் கூடாது. எட்டு ஆண்டுகளில் அவள் எழுதியதுமில்லை.

பத்து பதினெட்டுக்குப் பனிக்குடம் உடைந்தது. கடைசி வரிசை இருக்கைகளுக்குப் பின்னால் போர்வைகளை விரித்திருந்தார்கள். பல் டாக்டர் அழுகையை நிறுத்திவிட்டு டார்ச் பிடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். வெந்நீர், துணி, கையுறை. நான் சொல்லச் சொல்ல செண்பகவல்லி நாற்பது எழுத்துக்குள் நறுக்கி அனுப்பினார். நான் "முடிந்தால்" என்று சொன்னால் அதை வெட்டினார். "ஒருவேளை" என்றாலும் வெட்டினார். என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு நன்றாகத் திருத்தியதில்லை. அறையில் விசைப்பலகையின் சத்தமும் அங்கயற்கண்ணி மீனாட்சியை முணுமுணுப்பாகக் கூப்பிடும் சத்தமும் மட்டும். எனக்கு மார்பு இடித்துக்கொண்டிருந்தது. பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. இருபது ஆண்டுகளில் முதல்முறையாக நான் வேகமாக யோசித்துக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

பத்து இருபத்திரண்டு.

"முக்கறா. நிறுத்த முடியல."

அதன் பின்னாலேயே:

"இடுப்பு வரை வந்துடுச்சு. இழுக்கவா?"

அந்த வரியைப் படித்தேன். இடுப்பு வரை. அப்படியானால் தொப்புள்கொடி அழுந்தத் தொடங்கியிருக்கும். இழுத்தால் குழந்தையின் கைகள் மேலே தூக்கிக்கொள்ளும், தலை நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். இழுக்காவிட்டால் மூச்சு இல்லாமல் போகலாம். பாடப்புத்தகம் தொடாதே என்கிறது. ஆனால் பாடப்புத்தகம் தேர்ந்த கைகளுக்காக எழுதப்பட்டது. முக்கும் வலு அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருக்கிறதா? இதயத்துடிப்பு என்ன? கேட்கலாம். கேட்டால் இன்னும் நேரம் போகும்.

"டாக்டர்" என்றார் செண்பகவல்லி.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"டாக்டர்! அங்க நிமிஷக்கணக்குல போகுது!"

"சொல்லுங்க சார்!" என்று அங்கயற்கண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தொடாதே" என்றேன். "தொடாதே, தானா வரட்டும். அனுப்புங்க. ஈரத்துணி சுத்தி வெறுமனே தாங்கு. முதுகு மேல் பக்கம் இருக்கட்டும். தோள் வந்ததும் உடம்பைத் தொங்க விடு. பின்கழுத்து மயிர் தெரியணும். தெரிஞ்சதும் ரெண்டு காலையும் பிடிச்சு மேல தூக்கு. மெதுவா, அம்மா வயித்தைப் பாத்து."

செண்பகவல்லி ஐந்து செய்திகளாக வெட்டி அனுப்பினார். மூலையில் எண் ஒளிர்ந்தது. கேள்வி வந்ததற்கும் முதல் பதில் போனதற்கும் இடையே பதினோரு நொடி. நான் மனதுக்குள் பெருக்கினேன். பெருக்காமல் இருந்திருக்கலாம். நான்கு நிமிடம் நாற்பத்தாறு நொடி. இடுப்பு வரை வெளியே வந்த ஒரு குழந்தையைப் பார்த்தபடி என் தங்கை கையை நீட்டிக்கொண்டு அவ்வளவு நேரம் மண்டியிட்டிருந்தாள்.

பதினோரு நொடி ஒரு மனிதனின் தயக்கத்தில் ஒன்றுமே இல்லை. செருப்பைத் தேடும் நேரம். நான் அதைவிடப் பத்து மடங்கு நேரம் பேசாமல் இருந்து பலரை வெறுப்பேற்றியிருக்கிறேன். யாரும் செத்துப்போனதில்லை.

"தோள் வந்துடுச்சு."

"கழுத்து தெரியுது."

"தூக்கறேன்."

பிறகு ஒன்றுமில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. திரையில் புள்ளி மட்டும் துடித்தது.

"வந்துட்டா. பெண். நீலமா இருக்கா. அழல."

"துடை! முதுகைத் தேய். உள்ளங்காலைத் தட்டு" என்று கத்தினேன். நான் கத்தி செண்பகவல்லி கேட்டதே இல்லை. "அழலேன்னா உன் வாயால குழந்தை மூக்கையும் வாயையும் சேத்து மூடி ஊது. கன்னத்துக் காத்து மட்டும். அஞ்சு தடவை."

அனுப்பியாயிற்று. இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை. நொடிமுள்ளைப் பார்த்தேன். நான்கு. ஐந்து. ஆறு. அங்கயற்கண்ணி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். ஏழு. எட்டு. உள்ளே மூன்றரை நிமிடம். மூன்றரை நிமிடம் ஊதிக்கொண்டே இருக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது.

"அழறா அழறா அழறா"

அங்கயற்கண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். செண்பகவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு, "மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றார். பிறகு மறுபடியும் அடித்தார்.

மணி பத்து இருபத்து மூன்று தாண்டியிருந்தது. அதன் பிறகு செய்திகள் மழை மாதிரி கொட்டின. நஞ்சுக்கொடி விழுந்தது. ரத்தம் நின்றது. யாழ்மொழி காபி கேட்டாள். முந்நூறு பேரும் கை தட்டினார்கள், பைலட் ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொன்னார். குழந்தை பால் குடித்தது. தூங்கியது. பல் டாக்டர் குழந்தைக்குப் பல் இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பதினேழாம் வரிசைப் பாட்டி ஒருவர் பெயர் வைக்கப் போட்டி நடத்தினார். மறுபடி பால் குடித்தது. அங்கயற்கண்ணி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்து, சிரித்து, மூக்கைச் சிந்தினார்.

"எத்தன மணிக்குப் பொறந்துச்சு சார்? சாதகம் எழுதணும்."

"இந்தக் கடிகாரத்துலயா, அந்தக் கடிகாரத்துலயா?"

அவர் யோசித்தார். "எதுல நல்ல நட்சத்திரம் இருக்கோ அதுல போடுங்க."

பத்து முப்பத்தெட்டுக்கு விமானம் தரையைத் தொட்டது. சக்கர நாற்காலியில் வந்த யாழ்மொழியின் மடியில் இருந்த குழந்தைக்கு ஆறரை மணி நேரம் வயதாகியிருந்தது. சுவரிலிருந்த கடிகாரத்தின்படி அவள் பிறந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது அங்கயற்கண்ணி மருமகனிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "நீங்களும் அடுத்த வண்டியில ஏறிருங்க மாப்ள. முப்பத்தாறு நிமிசந்தானே!"

நான் மேலே திரும்பினேன். செண்பகவல்லியின் திரையில் அறிக்கை தானாகவே நிரம்பியிருந்தது. பதில் நேரம்: 11 விநாடி. பக்கத்தில் பச்சைக் கட்டம். தரம்: சிறப்பு.

"பதினஞ்சுக்குள்ள இருந்தா சிறப்புதான் டாக்டர். எட்டு வருஷமா அதான் கணக்கு."

பூங்கோதை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சீருடையில் காய்ந்த ரத்தம். கண்கள் உள்ளே போயிருந்தன. எங்களுக்குக் காலைப் பொழுது. அவள் ஒரு பகலும் ஒரு பிரசவமும் முடித்து வந்திருந்தாள். நாற்காலியில் விழுந்து ஷூவைக் கழற்றினாள்.

"பூங்கோதை" என்றேன். "இடுப்பு வரை வந்தப்ப நீ கேட்ட. நான் பதில் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. அந்தக் குழந்தை நீலமா வந்தது என்னாலதான்."

அவள் என்னை ஏதோ வேடிக்கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வரலை."

"என்ன வரலை?"

"நான் கேட்டப்ப இடுப்பு வரலை. முக்கும்போது ஒத்த ரூபா அளவுக்குத் தெரிஞ்சுது. திரும்ப உள்ள போயிடுச்சு. அவ்ளோதான். நீ யோசிப்பேன்னு தெரியாதா எனக்கு? கூடப் பொறந்தவதானே. உனக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி முன்னாடியே கேட்டு வச்சேன். உன் பதில் வந்தப்பதான் நெசமாவே இடுப்பு வந்துச்சு. கரெக்டா இருந்துச்சு."

"பொய் சொன்னியா?"

"எல்லாரும் சொல்லுவோம் அண்ணா." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "இந்தத் தடத்துல பறக்கற எல்லாக் குழுவும். ஒருத்தருக்கு லேசா வேர்க்குதுன்னா நெஞ்சு வலின்னு அனுப்புவோம். தலை சுத்துதுன்னா மயக்கம்னு அனுப்புவோம். நீங்க யோசிச்சு, தட்டி, அனுப்பறதுக்குள்ள அது நெசமாயிடும். புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக் கொடுக்கறது. நடந்ததைச் சொல்லாதே, நடக்கப்போறதைச் சொல்லுன்னு."

செண்பகவல்லியின் விரல்கள் விசைப்பலகையின்மேல் அசையாமல் இருந்தன. எட்டு ஆண்டுகளாக நாங்கள் மருத்துவம் பார்த்தது நோயாளிகளுக்கு அல்ல, இந்தப் பெண்களின் ஊகங்களுக்கு. எங்கள் பச்சைக் கட்டங்கள் எல்லாம் அவர்கள் சொன்ன பொய்களின்மேல் நின்றுகொண்டிருந்தன.

"கண்டுபிடிச்சா வேலை போயிடும்னுதான் யாரும் சொல்றதில்லை" என்றாள். "உங்களுக்கு வேகமாத் தெரியுது. கம்பெனிக்கும் வேகமாத் தெரியுது. எங்களுக்குத்தானே தெரியும்."

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை நான் எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கவில்லை.

"முன்கூட்டியே சொல்ல முடியாமப் போனது எத்தனை? திடீர்னு நடந்து, உண்மையை அனுப்பிட்டு, எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தே உயிர் போனது?"

பூங்கோதை கையிலிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய விமானத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பேசாமல் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

"மூணு" என்றாள்.

நான் செண்பகவல்லியின் திரையில் பதினோரு விநாடியை அழித்தேன். நான்கு நிமிடம் நாற்பத்தாறு விநாடி என்று அடித்தேன். பச்சைக் கட்டம் சிவப்பாகியது.

"இதை அனுப்பினா விசாரணை வரும் டாக்டர்" என்றார் செண்பகவல்லி மெதுவாக. "உங்க பேரு, என் பேரு, இவங்க பேரு எல்லாம் வரும். பழைய ரிப்போர்ட் பூரா கிண்டுவாங்க."

"கிண்டட்டும்" என்றேன்.

அவர் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை ஷூவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து மேசைக்கு அருகில் போட்டுக்கொண்டாள். மூன்று தேதிகளையும் மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அந்தப் பயணி எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொன்னாள். செண்பகவல்லி ஒன்றையும் வெட்டாமல் எழுதிக்கொண்டார்.